பிள்ளையின் உடற்கொழுப்பும் தாயின் நலனும்

லயத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் எல்லாரும் முதலில் கேட்பது, "ஆணா, பெண்ணா?" என்பதே. அடுத்த கேள்வி, "எத்தனை கிலோ?" என்பது. மூன்று கிலோவுக்கு மேல் என்றால் முகங்கள் மலர்கின்றன. இரண்டரைக் கிலோவுக்குக் கீழ் என்றால் பாட்டிமார் பெருமூச்சு விடுகின்றனர். தராசு காட்டும் எண்ணே குழந்தையின் நலத்தை முற்றும் சொல்லிவிடும் என்று நாம் நெடுங்காலம் நம்பி வந்துள்ளோம். அந்த எண்ணில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைத் தராசு பிரித்துச் சொல்வதில்லை. அதைப் பிரித்துப் பார்க்க முற்பட்டவர்கள் கண்ட உண்மைகள், ரிங்லெட் மலைச்சரிவுகளில் வாழும் நமக்கு மிக நெருங்கியவை. ஆதலால் அவற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இந்தியாவில், மராட்டிய மாநிலத்துப் புனே நகரில் கே.இ.எம். மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அங்குப் பணியாற்றிய டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும், 1993ஆம் ஆண்டு அந்நகரை அடுத்த ஆறு கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அக்கிராமத்துப் பெண்கள் வயலில் உழைப்பவர்கள். அவர்களின் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோ. உயரம் 152 செண்டிமீட்டர். அவர்கள் கருவுறுமுன்பிருந்தே அளந்து, என்ன உண்கின்றனர், என்ன வேலை செய்கின்றனர் என்பதையெல்லாம் குறித்து, பிறந்த குழந்தைகளையும் அளந்தனர். குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ.

எடை குறைவு என்பதில் வியப்பில்லை. வியப்பு எதில் என்றால், எடை எங்கே குறைந்தது என்பதில்தான். புனேக் குழந்தைகளின் வயிற்றுச் சுற்றளவும் கையின் தசையும் மிகவும் குறைந்திருந்தன. ஆனால் தோள்பட்டை எலும்பின் கீழே தோலை இரு விரலால் பிடித்து அளக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்ப்பதற்கு மெலிந்த குழந்தை. உள்ளே ஒப்புநோக்கில் கொழுப்பு மிகுந்த குழந்தை! "மெலிந்த கொழுத்த குழந்தை" என்று பொருள்படும் ஒரு பெயரையே ஆய்வாளர்கள் அதற்கு இட்டனர். பின்னர் 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், காந்த அலைப் படக் கருவியால் புனேக் குழந்தைகளையும் இலண்டன் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். உருவில் சிறியவையான புனேக் குழந்தைகளுக்கே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுதி என்பது உறுதியாயிற்று. நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் 2009ஆம் ஆண்டு முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன, மலாய், இந்தியத் தாய்மாரைச் சேர்த்து இத்தகைய ஆய்வு நடைபெற்று வருகின்றது. அங்கும் இந்தியக் குழந்தைகளிடம் இதே சாயல் காணப்பட்டது.

யாஜ்னிக் தம்மையே சான்றாக்கிய ஒரு வேடிக்கையும் உண்டு. 2004ஆம் ஆண்டு அவரும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் என்பவரும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் அளவு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. இருவரும் ஒல்லியாகவே தோன்றினர்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு உணவு குறைந்தால் ஏன் இப்படி ஆகின்றது? சிக்கனமான குடும்பத்தலைவி பற்றாக்குறை மாதத்தில் செய்வதை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அரிசியை முதலில் ஒதுக்குவாள். புதுச்சேலையைத் தள்ளி வைப்பாள். கருவில் வளரும் உடலும் அவ்வாறே மூளைக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குகின்றது. தசை, கல்லீரல், சிறுநீரகம், இன்சுலின் சுரக்கும் கணையம் ஆகியவற்றின் பங்கு குறைகின்றது. சர்க்கரையை எரித்துச் செலவிடும் பெரிய அடுப்பு தசைதான். அடுப்பு சிறியதாக அமைந்த வீட்டில் பிற்காலத்தில் விறகு வந்து குவிந்தால் அது எரியாமல் அடுக்கப்படும். அந்த அடுக்கே கொழுப்பு. இங்கிலாந்துப் பேராசிரியர் டேவிட் பார்க்கர் 1980களில், குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் மிகுதி என்று எழுதியபோது பலர் ஐயுற்றனர். இன்று அந்த எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றிவிட்டது.

அதற்கும் முன்னரே ஒரு கொடிய வரலாறு இதைக் காட்டியிருந்தது. 1944ஆம் ஆண்டு இறுதியில், போர்க்காலத்தில், ஜெர்மானியப் படை ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவான உணவே கிடைத்தது. 1945 மே மாதம் விடுதலை வரும்வரை நீடித்த அந்தப் பஞ்சத்தின்போது கருவில் இருந்த ஆண் குழந்தைகள், 19 வயதில் இராணுவச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டனர். மூன்று இலட்சம் இளைஞர்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1976ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். தாயின் கர்ப்பத்தின் முற்பாதியில் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் உடல் பருமன் மிகுந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்தவுடனும் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் அது குறைந்திருந்தது. பசி ஒன்றுதான், அது வந்த மாதம் வேறு, விளைவும் வேறு.

மீண்டும் புனேக் கிராமங்களுக்கு வருவோம். அங்கே தாய்மார் உண்ட உணவின் மொத்த அளவைவிட, உணவின் தன்மையே குழந்தையின் வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்டவர்களின் குழந்தைகள் நன்கு வளர்ந்து பிறந்தன. வயல் வேலை, நீர் சுமத்தல் முதலிய கடும் உழைப்பில் மிகுதியாக ஈடுபட்ட தாய்மாரின் குழந்தைகள் சிறியனவாகப் பிறந்தன. இதைப் படிக்கும்போது, கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கிய நம் பாட்டிமாரை நினையாமல் இருக்க இயலவில்லை. வயிற்றில் பிள்ளையோடு கொழுந்து பறித்துவிட்டு, பேறுகாலம் முடிந்ததும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு மீண்டும் மலை ஏறியவர்கள் அவர்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் மற்றப் பகுதிகளைவிட மிகுதி என்று அந்நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. தோட்டம் எதுவாயினும் சரிவு ஒன்றுதானே!

"வயிற்றுப் பிள்ளை பெரிதானால் பேறு கடினமாகும், ஆகவே குறைத்துச் சாப்பிடு" என்று சொல்லும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் மறையவில்லை. அதற்கு நேர்மாறாக "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றைக் குவிப்போரும் உண்டு. இரண்டும் பிழை என்றே நாம் கருதுகின்றோம். வேண்டுவது சோற்றின் உயரம் அன்று. அதனோடு சேரும் கீரை, பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவை. புனேயில் தாய்மார் பலருக்குப் பி12 என்னும் வைட்டமின் குறைவாக இருந்தது. அச்சத்து குறைந்தும் ஃபோலேட் சத்து மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை மிகுதியாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக அமைய அது இன்றியமையாதது. பி12 சத்து மீன், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றில் உள்ளது. மரக்கறி மட்டும் உண்போர் தாதியரிடம் அதைச் சொல்லுதல் நலம்.

தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது தகுமோ என்று தெரியவில்லை. ஆயினும் சொல்லிவிடுகின்றோம். சோற்றோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறைகின்றது. கர்ப்பிணிகள் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று.

இதுவரை கண்டது குறைவினால் வரும் கேடு. இன்று நம் நாட்டில் மிகுதியினால் வரும் கேடும் சேர்ந்துகொண்டுள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் எடை மிகுந்தோர், மேலும் 14.8 பேர் உடல் பருமன் உடையோர். அதே ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த எண் 31.4. மூவரில் ஒருவர் என்று ஏறத்தாழச் சொல்லலாம்.

நீரிழிவு கர்ப்பத்தில் வருவதும் உண்டு. அது குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கும் முறையை டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே விளக்கினார். தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் கடந்து செல்லாது. ஆகவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. இன்சுலினோ கொழுப்பைச் சேமிக்கச் செய்வது. இவ்வாறு பிறக்குமுன்பே கொழுப்பு அடுக்கப்படுகின்றது. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் கர்ப்பிணிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு ஆறு பேருக்கு இந்நீரிழிவு இருந்தது. அவர்களின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே மற்றக் குழந்தைகளைவிடக் கொழுப்பு மிகுந்திருந்தது.

"இது பரம்பரை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரிசோனாவில் வாழும் பீமா என்னும் பழங்குடியினரிடம் இக்கேள்விக்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. அவர்களிடையே ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டனர். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளைகளைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கு உடற்பருமன் மிகுதி. பெற்றோர் அவர்களே, இரத்தமும் அதுவே. வேறுபட்டது கருவறையின் நிலை ஒன்றே. அந்நிலையை மாற்ற முடியும் என்பதுதான் இதில் நமக்கு உள்ள நல்ல செய்தி. கர்ப்பிணிகளைப் பட்டினியாக வரச்சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கும் சோதனையைப் பலர் தொல்லையாக நினைக்கின்றனர். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தவிர்ப்போரும் உண்டு. அத்தவிப்பு நியாயமானது என்பதை நாம் அறிவோம். எனினும் அந்த இரண்டு மணி நேரம் தாய்க்கு மட்டும் உரியதன்று.

பிறந்த குழந்தையின் உடலில் கொழுப்பு இருத்தல் குற்றமோ என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அது வேண்டும். பிறக்கும்போது எடையில் எட்டில் ஒரு பங்கு போல இருக்கும் கொழுப்பு, ஐந்தாறு மாதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக உயர்கின்றது. மூளை வளர அந்தச் சேமிப்பு உதவுகின்றது. குழந்தையின் தோள்களுக்கு இடையிலும் கழுத்திலும் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு வகை உண்டு. நம்மைப்போல் நடுங்கிச் சூடு பெறக் குழந்தைக்குத் தெரியாது. அப்பழுப்புக் கொழுப்பை எரித்தே சூடு பெறுகின்றது. பனி இறங்கும் நம் மலைக் காலைகளில் அக்கொழுப்பின் அருமையை உணரலாம்.

அந்தக் கொழுப்பை எதைக் கொடுத்து வளர்க்கின்றோம் என்பதே கேள்வி. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், புரதம் மிகுந்த புட்டிப்பால் குடித்த குழந்தைகள், புரதம் குறைந்த புட்டிப்பால் குடித்தவற்றைவிட ஆறு வயதில் பருமனாக இருந்தன. தாய்ப்பாலில் புரதம் குறைவாகவே உள்ளது. இயற்கை காரணமின்றி அப்படி வைக்கவில்லை போலும்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை நாம் நன்றியுடன் நினைத்தல் தகும். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்பவர் அக்கால மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்து ஏழைத் தாய்மாரிடம் விற்பதைக் கண்டு மனம் கொதித்தார். 1939ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தாரிடையே பேசுகையில், தம் உரைக்குப் "பாலும் கொலையும்" என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். அப்பால் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. இன்று குழந்தைக்கு அதைக் கரைத்துக் கொடுப்போர் இலர் என்று நம்புகின்றோம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் பசியாறலில், தேநீரிலும் மைலோவிலும் அந்த டின் பால் வேறு வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றதே!

சர்க்கரை செய்யும் வேலையைப் பற்றி 2024ஆம் ஆண்டில் ஓர் அரிய ஆய்வு வெளிவந்தது. பிரிட்டனில் போர்க்காலம் முதல் சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அது நீங்கியதும், மக்கள் உண்ட சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக உயர்ந்தது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டு ஆண்டிலும் இருந்தவர்களுக்கு, பின்னால் பிறந்தவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். சர்க்கரை மட்டும் குறைவாக உண்டவர்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதன் பயன் உடலில் தங்கியிருந்தது.

ஓராண்டு நிறைந்தபின் குழந்தை நடக்கத் தொடங்குகின்றது. கொழுப்பு படிப்படியாகக் குறைகின்றது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையின் விலா எலும்பு தெரிவது பெரும்பாலும் இயல்பே. பின்னர் ஏறத்தாழ ஆறு வயதில் கொழுப்பு மீண்டும் ஏறத் தொடங்கும். பிரான்சு நாட்டு ஆய்வாளர் ரோலான் கஷேரா 1984ஆம் ஆண்டில், இந்த மறு ஏற்றம் ஐந்தரை வயதுக்கு முன்பே தொடங்கிய பிள்ளைகள் பிற்காலத்தில் பருமனாகின்றனர் என்று காட்டினார். புதுடில்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்து அளந்து வந்தவர்களும் இதையே கண்டனர். வளர்ந்தபின் நீரிழிவு வந்தவர்கள், இரண்டு வயதில் மெலிந்து இருந்து, பின்னர் விரைவாக எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்கள் குண்டான பிள்ளைகள் என்று சொல்லத்தக்கவர்கள் அல்லர். ஆகவே "ஒல்லியாகப் பிறந்தான், ஊட்டி ஊட்டித் தேற்ற வேண்டும்" என்று பாலர் பள்ளி வயதில் பிஸ்கட்டும் சர்க்கரைப் பானமும் கொடுப்பதில்தான் அபாயம் இருக்கின்றது. முன்பு கொழுகொழுக் குழந்தைப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்த சமுதாயம் நாம். அப்பரிசுகளைப் பற்றி இன்று சற்று வெட்கப்படலாம்.

பிள்ளைப்பருவத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சுவீடனில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் என்பவரும் பிறரும் 2008ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை தந்தனர். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த ஒரு வகைக் கரியைக் கொண்டு, உடலில் உள்ள கொழுப்பு உயிரணுக்களின் வயதைக் கணித்தனர். அவற்றின் எண்ணிக்கை பிள்ளைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் முடிவாகிவிடுகின்றது. பெரியவர் மெலிந்தாலும் அணுக்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, "எல்லாம் தாயின் தவறு" என்று எந்த வீட்டிலாவது சொல்லக் கேட்டால் நாம் வருந்துவோம். கர்ப்பிணியின் அருகே தந்தை ஊதும் சிகரெட்டுப் புகையும் குழந்தையைச் சேர்கின்றது. புகையைக் கண்ட குழந்தை சிறிதாகப் பிறந்து பின்னர் பருமனாவது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. கர்ப்பிணிக்கு மீன் துண்டு வைக்காமல் ஆண்களுக்கு முதலில் பரிமாறும் வழக்கம் தாய் வகுத்ததன்று. சரிவில் வேலை கொடுப்பவரும் அவள் அல்லள். நம் நாட்டில் பேறுகால விடுமுறை 2023 ஜனவரி முதல் நாள் தொடங்கி 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, மகிழ்ச்சியே. ஆனால் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 180 நாள். மிச்சமுள்ள 82 நாளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வேறு பலர்.

புனேயில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகினர். 2012ஆம் ஆண்டு அவர்கள் பதின்ம வயதில் இருந்தபோது, யாஜ்னிக் குழுவினர் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பி12 சத்து மாத்திரைகளைக் கொடுக்கத் தொடங்கினர். திருமணத்துக்கு முன்பே, கரு என்ற பேச்சே எழுமுன்பே தொடங்கினால்தான் அடுத்த தலைமுறையின் உடலைச் சீராக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். அப்பெண்கள் பலர் இன்று தாய்மார். தம் தாய்மாரை அளந்த அதே கிராமங்களில், அவர்களின் குழந்தைகளும் தராசில் ஏற்றப்பட்டு, தோளுக்குக் கீழே தோல் பிடித்து அளக்கப்பட்டுள்ளன.